எந்தப் பிள்ளைக்கு எந்தத் துணை?

அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சில சொற்கள் அடிக்கடி வந்து வழிமறிப்பதுண்டு. அவற்றுள் ஒன்று, பள்ளிக்கூடங்களில் உடற்குறையோ புலன்குறையோ கற்றலில் இடர்ப்பாடோ உடைய பிள்ளைகளுக்குச் செய்து தரவேண்டிய ஏற்பாடுகளைக் குறிக்கும் சொல். அதனை 'உதவி' என்று பெயர்த்தால், கொடுக்கும் கை மேலாகவும் வாங்கும் கை கீழாகவும் தோன்றுகிறது. 'ஆதரவு' என்று எழுதினாலோ, ஆதரவற்றோர் விடுதி நினைவுக்கு வருகிறது. பல நாள் எண்ணிப் பார்த்து, 'துணை' என்ற சொல்லையே நாம் கையாண்டு வருகிறோம். வழித்துணையாக வருபவர் நம்மைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை, நடப்பவர் நாமே. இருட்டிய இடத்தில் விளக்குப் பிடிப்பதும், மேடு பள்ளத்தைச் சொல்வதுமே அவர் வேலை. பள்ளிப் பிள்ளைக்கு வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. எந்தப் பிள்ளைக்கு, எந்த இடத்தில், எந்த அளவில் இத்துணை வேண்டும்? அதை யார், எவ்வாறு முடிவு செய்வது? இவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சிறப்பாக மனத்திற்கொண்டே இதைச் சொல்கிறோம். நாம் இருப்பது தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னும் ஊர். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை ஏறக்குறைய 3,80,000. அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இங்கே இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல மொழிகளில் பாடம் நடக்கும் பள்ளிகள் உண்டு. ஆயினும் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி தமிழ்ப் பள்ளியாகவே அமையும் என்பதற்கு உறுதி இல்லை. தாராவியிலும் தில்லியிலும் சூரத்திலும் வாழும் தமிழர் நிலையும் இதுவே. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, கரும்பலகையில் ஒரு மொழி. இத்தகைய பிள்ளை ஒன்று வகுப்பில் பின்தங்கினால், அது மொழியால் நேர்ந்த தடையா, உடலிலோ புலனிலோ உள்ள குறையால் நேர்ந்த தடையா என்று பிரித்தறிவது எளிதன்று. பிழையாகப் பிரித்தால், துணை வேண்டாத பிள்ளை விலக்கி வைக்கப்படும். துணை வேண்டிய பிள்ளையோ வெறும் வசவையே வாங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2009 இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மேலும் சில படிகள் சென்றது. 21 வகைக் குறைபாடுகளை அது பெயர் சொல்லிக் குறித்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்றது. அண்டையிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ படிக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பள்ளிக்கு அன்று, குடும்பத்துக்கு. அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கு ஏற்பவும் துணை அளிக்கவேண்டும் என்றும், கற்றலில் உள்ள குறிப்பிட்ட இடர்ப்பாடுகளை எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில் கண்டறியவேண்டும் என்றும் விதிக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்கவேண்டும் என்பது 17 ஆம் பிரிவு.

பல குறைபாடுகள் ஒருங்கே உடைய பிள்ளைகளும், கடுமையான குறைபாடு உடைய பிள்ளைகளும் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012 இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பெற்றது. இது பிள்ளைக்கு அளிக்கப்பெற்ற உரிமை. 'வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பள்ளி சொல்வதற்கு அளிக்கப்பெற்ற சலுகை அன்று. இவ்விரண்டையும் கலந்து பேசுவோர் ஆங்காங்கே உளர், பெற்றோர் ஏமாறலாகாது.

இனி, மருத்துவச் சான்று. இக்காலத்தில் குறைபாட்டுக்கான சான்றும் தனி அடையாள அட்டையும் நாடு முழுவதற்கும் ஒரே முறையில் வழங்கப்பெறுகின்றன. 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம் என அட்டையின் நிறம் வேறுபடும். அட்டை கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று பெற்றோர் பலர் நினைக்கின்றனர். சான்றில் உள்ள விழுக்காடு, எந்தெந்தச் சலுகைக்குத் தகுதி உண்டு என்பதைச் சொல்லும். வகுப்பறையில் அப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை அது சொல்லாது.

இரண்டு பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். இருவருக்கும் இயக்கக் குறைபாடு 50 விழுக்காடு என்று சான்று கூறுகிறது. முதலாவது பெண்பிள்ளைக்குக் கால்களில் வலுவில்லை, கைகளுக்குக் குறைவில்லை. அவளுக்குச் சாய்தளம் வேண்டும்; அவள் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவேண்டும்; சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உள்ள கழிப்பிடம் வேண்டும். கழிப்பிடம் சரியில்லாத பள்ளிகளில் இத்தகைய பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகின்றனர். ஆசிரியர் எவரும் அதைக் கவனிப்பதில்லை; சான்றிலும் அது எழுதப்படுவதில்லை. இரண்டாவது பையன் நன்றாக நடக்கிறான்; ஆனால் விரல்கள் வசப்படுவதில்லை. அவனுக்குச் சாய்தளத்தால் பயன் இல்லை. தடித்த பென்சில், சாய்வான எழுதுபலகை, பாதம் தரையில் படியும் உயரத்தில் நாற்காலி, பாடக்குறிப்பின் நகல், காலம் கூடுதலாக, பின்னாளில் தட்டச்சுப் பயிற்சி ஆகியனவே அவனுக்கு வேண்டும். விழுக்காடு ஒன்றே, துணைகள் வெவ்வேறு. இவற்றுட் பலவற்றுக்குப் பணம் கூட வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்பை மாடியிலிருந்து கீழே கொண்டுவருவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை அன்றோ?

ஆகவே, துணையை முடிவு செய்பவர் பிள்ளையை வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். படிக்கும்போது எந்த இடத்தில் தடைப்படுகிறது? எழுதும்போது எத்தனை நிமிடத்தில் கை சோர்கிறது? ஆசிரியர் சுவரைப் பார்த்துப் பேசும்போதும் முகத்தைக் காட்டிப் பேசும்போதும் வேறுபாடு உண்டா? வகுப்பாசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பெற்றோர், பிள்ளை ஆகிய நால்வரும் கூடியிருந்து பேசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம் எழுதும் முறை அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. 1994 இல் ஸ்பெயின் நாட்டுச் சாலமாங்காவில் 92 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியன என்று அறிவித்தனர். நம் நாட்டிலும், 2022 இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 'பிரசஸ்த்' என்னும் முன்னறி பட்டியல் ஒன்றை வெளியிட்டது. வகுப்பாசிரியர் முதலிலும், சிறப்புக் கல்வி ஆசிரியரோ தலைமையாசிரியரோ அடுத்தும் அதனை நிரப்பவேண்டும். அது நோயை அறுதியிடும் கருவி அன்று. எந்தப் பிள்ளையை மேலும் சோதிக்கவேண்டும் என்பதைக் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

சிறப்புக் கல்வி ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்ற வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. 2022 செப்டம்பரில் மத்திய அரசாங்கம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவரும் என வரையறுத்தது. நல்ல வரையறைதான். ஆனால் தீவுகளிலும் மலைப்புறங்களிலும் ஒரு பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் இருவரோ மூவரோ இருப்பர்; சிறப்பாசிரியர் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருவார். அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியரே எல்லாம். எனவே, சிறப்பாசிரியர் மட்டுமே செய்யக்கூடிய ஏற்பாடுகளால் ஒரு பிள்ளையின் திட்டத்தை நிரப்பிவிடுவது அறிவுடைமை ஆகாது என்பது நம் கருத்து.

மொழியைப் பற்றிச் சொன்னோம். அதைச் சற்று விரித்துப் பேசவேண்டும். தமிழில் 'க' என்பது ஓர் எழுத்து. 'கல்', 'அகம்', 'தங்கம்' என்னும் மூன்று சொற்களிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது, எழுத்து மாறுவதில்லை. இந்தியிலோ இவ்வினத்தில் மூச்சொலி சேர்ந்தும் சேராதும் நான்கு எழுத்துகள் உள. தமிழ் வீட்டிலிருந்து போகும் பிள்ளை இந்நான்கையும் குழப்பிக்கொள்வதில் வியப்பே இல்லை. மேலும், இந்தியில் உயிரற்ற பொருள்களுக்கும் பால் உண்டு. தண்ணீர் ஆண்பால், ரொட்டி பெண்பால். உயர்திணைக்கு மட்டுமே ஆண், பெண் என்று பிரித்துப் பழகிய நாவுக்கு இது நெடுநாள் பிடிக்கும். இவை மொழிக்கு உரிய பிழைகள். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இடறுவர். இவற்றைக் கண்டு மூளையில் குறை என்று எழுதுவது பெரும் அநீதி.

அத்தகைய அநீதி நடந்ததும் உண்டு. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முடிவுகட்டித் தனி வகுப்பில் உட்காரவைத்தனர். 1970 இல் வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. அக்குழந்தைகளை அவர்களுடைய தாய்மொழியில் மறுபடியும் சோதித்தபோது, பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவர் அல்லர் என்பது வெளியாயிற்று. அதன்பின், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளை அவரவர் மொழியிலும் சோதிக்கவேண்டும் என்று அம்மாநிலம் ஒப்புக்கொண்டது. குடிபெயர்ந்து வாழ்வோர் இவ்வழக்கை அறிந்திருத்தல் நலம்.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. 'அவனுக்கு இந்தி வரவில்லை, அவ்வளவுதான். போகப்போகச் சரியாகிவிடும்' என்று சொல்லிச் சொல்லியே உண்மையான குறையை மூடிவைக்கும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் எளிய வழி ஒன்று உண்டு. பள்ளி மொழியில் மட்டும் தடை என்றால் மொழியைச் சந்தேகிக்கவேண்டும். வீட்டு மொழியிலும் அதே தடை இருந்தால் குறையைச் சந்தேகிக்கவேண்டும். பாட்டி சொன்ன கதையைப் பிள்ளை தமிழில் கோவையாகத் திருப்பிச் சொல்கிறதா? கடைக்குப் போய் மூன்று சாமான்களை மறவாமல் வாங்கி வருகிறதா? மீதிச் சில்லறையை எண்ணுகிறதா? முதுகுப்புறமிருந்து மெல்ல அழைத்தால் திரும்புகிறதா? இவற்றைப் பள்ளி அறியாது. வீடுதான் அறியும். அறிந்ததை எழுதிக் கொடுக்கவேண்டும்.

இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய், கையில் ஒரு காகிதத்துடன் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் நான்காம் வகுப்பில், இந்தி வழியில் படிப்பவன். பள்ளியொன்றில் எழுதிக் கொடுத்த குறிப்பு அது, இந்தியில் இருந்தது. "ஐயா, பையனை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்கிறார்களாம். வகுப்பில் ஒரு வம்பும் செய்யாதவன், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அக்குறிப்பில் இருந்த சொல்லைத் தமிழில் 'மந்த புத்தி' என்று நேராகப் பெயர்க்கலாம். அச்சொல்லை அத்தாயின் முன் சொல்வதற்கு நமக்கு நா எழவில்லை. எனினும், மறைப்பது மொழிபெயர்ப்பாளன் வேலையன்று. சொன்னோம். உடனே, அது ஆசிரியரின் கருத்தேயன்றி மருத்துவரின் முடிவு அன்று என்பதையும் சொன்னோம்.

பிறகு அந்த அம்மையார் சொன்னவற்றைக் கேட்டோம். பையன் வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுகிறான், ஆனால் வானொலியைப் பெருஞ்சத்தமாக வைக்கிறான், 'என்னம்மா?' என்று இருமுறை கேட்கிறான். மழை நாட்களில் பள்ளியிலிருந்து வந்தால் அன்று நடந்த பாடம் ஒன்றும் தெரிவதில்லை. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை; மே மாதம் தொடங்கினால் ஆண்டு இறுதி வரை விட்டு விட்டுப் பெய்யும். தகரக் கூரையின் மேல் மழை அறையும்போது, நல்ல செவி உடையவருக்கே அடுத்திருப்பவர் பேச்சுக் கேட்பதில்லை. தலைநகருக்கு அழைத்துச் சென்று செவிச் சோதனை செய்வித்தபோது, இரு செவிகளிலும் 45 டெசிபல் அளவுக்குக் கேள்விக் குறைவு இருப்பது தெரிந்தது. ஒரு மீட்டர் தொலைவில் நாம் இயல்பாகப் பேசும் ஒலி சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டருக்கு அப்பால் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருப்பவனை அது அடையும்போது என்ன எஞ்சும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரே கேள்வி மந்தம் உடையவர். 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவிடர். நம் பையன் அவ்வரையறைக்குள் வரவில்லை. ஆதலின் ஒன்றும் கிடையாது என்று கைவிரிக்கலாமா? விரிக்கக்கூடாது. நீண்டகாலக் குறை ஒன்று, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்க்குச் சமமாக ஒருவர் பங்கேற்பதைத் தடுக்குமாயின் அவர் மாற்றுத் திறனாளியே என்பது அச்சட்டத்தின் பொது வரையறை. 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் என்பவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. எழுதும்போது கைநரம்பு இழுத்துக்கொள்ளும் பிணி அவருக்கு. 40 விழுக்காடு இல்லை என்பதைக் காட்டி, எழுத்தர் வைத்துக்கொள்ளும் வசதியை மறுக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. தக்க ஏற்பாடு செய்து தருவது, வரம்பு விழுக்காட்டைத் தொட்டவருக்கு மட்டும் உரிய சலுகை அன்று என்பது அதன் சாரம். உதவித்தொகைக்கு விழுக்காடு வேண்டும். முன் பலகையில் இடம் கேட்பதற்கு வேண்டாம்.

அப்பையனுக்கு முடிவாகியவை இவை. இரு செவிக்கும் கேள்விக் கருவி; முன் வரிசையில், ஆசிரியர் முகம் தெரியுமாறும் மின்விசிறிக்கு விலகியும் இடம்; மழை பெய்யும்போது முக்கியமானவற்றைப் பலகையில் எழுதிக் காட்டுதல்; மறுநாள் பாடத்தின் அருஞ்சொற்களை முதல்நாளே வீட்டுக்கு அனுப்பித் தமிழில் பொருள் சொல்லச் செய்தல். கேள்விக் கருவி பேச்சை மட்டுமன்றி மழைச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், கருவியைக் கொடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால் பயன் பாதியாகும். கடைசியாகச் சொன்ன ஏற்பாடு செவிக்காக அன்று, மொழிக்காக. வேறு பள்ளி தேவைப்படவில்லை.

இதனால் சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர்க்கும் செவிகேளாதோர்க்கும் பள்ளிகள் எழுந்தன. 1951 இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை வகுக்கப்பெற்றபின், பார்வையற்ற தமிழ்ப் பிள்ளை தன் மொழியிலேயே விரலால் படிக்க வழி சீர்ப்பட்டது. பிறவியிலேயே முற்றிலும் செவி கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும்; அதைப் பேசும் தோழரும் வேண்டும். சைகை அறியாத முப்பது பேர் நடுவே அப்பிள்ளையை உட்காரவைத்து, 'எல்லாரோடும் சேர்த்துவிட்டோம்' என்று பெருமைப்படுவதை நாம் ஒப்புவதில்லை. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் போன்ற நிலையங்களும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனமும், ஊருக்குச் செல்லும் விடுமுறையில் ஒருமுறை சென்று ஆலோசனை பெறத்தக்க இடங்கள். அங்கே சோதனையைத் தமிழில் செய்துகொள்ளலாம் என்பது வெளிமாநிலத் தமிழர்க்குச் சிறிய ஆதாயம் அன்று.

தேர்வுகளைப் பற்றிச் சில வார்த்தைகள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாக அளிக்கின்றனர். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. எழுத்தர் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் மொழியிலிருந்து விலக்குப் பெறலாம். இவற்றை எல்லாம் பத்தாம் வகுப்பின் இறுதியில் நினைத்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயர்ப்பதிவு நடைபெறுகிறது. அப்போதே பிள்ளையின் நிலையைக் குறிப்பிட்டுவிடவேண்டும். எழுத்தருக்குச் சொல்லி எழுதுவிப்பது தனிக்கலை. அதுவரை தானே எழுதிப் பழகிய பிள்ளை, தேர்வு நாளன்று முதன்முறையாக வாய்ச்சொல்லால் விடையமைக்க முயன்றால் திணறும், ஓராண்டாவது பழகவேண்டும். தட்டச்சுச் செய்யக்கூடிய பிள்ளைக்கு எழுத்தரைக் கொடுப்பதும் நமக்கு உடன்பாடன்று. தன் கையால் முடிந்ததைப் பிறர் கையில் ஒப்படைக்கலாகாது. வெளிமாநிலத்தில் தமிழ்த் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை உண்டு. தமிழ் எழுதத் தெரிந்த எழுத்தர் கிடைப்பது அரிது. தமிழ்ச் சங்கங்கள் இவ்வகையில் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்திருந்தால் பேருபகாரமாகும். பொங்கல் விழாவுக்கு ஆள் திரட்டுவதைவிட இது கடினமன்று.

மூன்றாம் மொழி விலக்கு இருமுனைக் கத்தி. பல ஊர்களில் தமிழ்ப் பிள்ளைக்கு மூன்றாம் மொழியாக இருப்பது தமிழே. எழுத்துக் கூட்டுவதில் கடும் இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்கு மூன்று வரிவடிவங்கள் பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை; விலக்குப் பெறுவதில் தவறும் இல்லை. தேர்விலிருந்து விலக்குப் பெற்றதனால், வீட்டுப் பேச்சிலிருந்தும் தமிழை விலக்கவேண்டும் என்று சிலர் ஆலோசனை சொல்கின்றனர். அதற்கு ஆதாரம் இல்லை. தற்புனைவு நிலை உடைய பிள்ளைகளையும், டவுன் நோய்க்கூறு உடைய பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்கள், இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் அவர்களது பேச்சு வளர்ச்சிக்குத் தீங்கு நேர்வதாகக் காணவில்லை. தாய்க்கும் பாட்டிக்கும் சரளமாக வராத மொழியில் அவர்கள் திக்கித் திக்கிப் பேசினால், பிள்ளை கேட்கும் பேச்சே குறைந்துபோகும். வரிவடிவம் வேண்டுமானால் போகட்டும், வாய்ப்பேச்சை விடலாகாது.

இறுதியாக, மாற்றலாகிச் செல்வோருக்கு. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58 ஆம் பிரிவின்படி, ஓரிடத்தில் பெற்ற குறைபாட்டுச் சான்று நாடு முழுவதும் செல்லும். புதிய ஊரில் மறுபடியும் எடுத்துவரச் சொல்வதற்கு இடமில்லை. ஆனால் பள்ளியில் வகுத்த துணைத் திட்டம் தானாகப் பின்தொடர்ந்து வராது. கப்பலேறுமுன் பெற்றோர் ஒரு கோப்பைத் தயாரித்துக்கொள்ளவேண்டும். சான்றின் நகல், செவி அல்லது பார்வைச் சோதனைத் தாள்கள், பிள்ளை எழுதிய தாள்கள் சிலவற்றின் மாதிரிகள் தேதியுடன், எந்த ஏற்பாட்டை எப்போது செய்து பார்த்தார்கள், பயன்பட்டதா இல்லையா என்ற வகுப்பாசிரியரின் குறிப்பு, தேர்வுச் சலுகை ஆணை ஆகியவை அதில் இருக்கவேண்டும். பயன்படாத ஏற்பாடுகளையும் குறித்து வைப்பது, புதிய பள்ளி ஓராண்டை வீணாக்காமல் இருப்பதற்கு உதவும். தமிழிலோ இந்தியிலோ உள்ள தாள்களின் சாரத்தை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி மேலே வைத்துக்கொள்வதும் நன்று. செல்லும் ஊரில் எந்த மொழி வழங்குகிறதோ தெரியாது.

அக்கோப்பில் இன்னும் ஒரு தாளுக்கு இடம் விடவேண்டும். எந்த இடத்தில் உட்கார்ந்தால் பலகை தெரிகிறது, எந்த ஆசிரியர் பேசுவது விளங்குகிறது, எதற்காகத் தனியே அழைத்துச் சென்றால் வெட்கமாக இருக்கிறது, எதைத் தானே செய்ய விரும்புகிறது என்று பிள்ளையையே கேட்டு எழுதிய தாள் அது. எட்டு வயதுப் பிள்ளை இவற்றுக்கு விடை சொல்லும். பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. பிள்ளை எந்த மொழியில் சொல்கிறதோ அந்த மொழியிலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.